அலமாரியில் ஒரு ட்ரீமேப்: ரங்கநாதனின் கோலன் முறை

தி. நகரில் உள்ள ஒரு கடை தன் வாடிக்கையாளர் பட்டியலைக் கணினியில் வரிசைப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் முகவரியில் "தி. நகர்" என்று எழுதுவார், இன்னொருவர் "தியாகராய நகர்" என்று எழுதுவார. ஊர் ஒன்றுதான், ஆனால் பட்டியலில் இரண்டும் தனித்தனி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். போகட்டும், எழுத்து வரிசையாவது சரியாக வருமா? யூனிகோடில் 'ன' என்ற எழுத்துக்கு 'ந'வை அடுத்து இடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிரல் 'மனம்' என்ற சொல்லை 'மயில்' என்ற சொல்லுக்கு முன்னால் வைக்கும். பள்ளியில் படித்த வரிசைப்படி 'ன' பதினெட்டாவது மெய். மயில்தான் முதலில் வர வேண்டும். கணினியின் மேல் தப்பில்லை. எதை எதோடு எப்படி ஒப்பிட வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

ஜாவா படித்தவர்களுக்கு இது ட்ரீமேப் பாடத்தில் வரும் விஷயம். 1998 டிசம்பரில் வந்த ஜாவா 1.2 பதிப்பில் ட்ரீமேப் சேர்ந்தது. உள்ளே போடும் ஒவ்வொன்றையும் அதன் 'கீ'யைப் பார்த்து எப்போதும் வரிசையாகவே வைத்திருக்கும். கீ எண்ணாக இருந்தால் பிரச்சினை இல்லை. நாமே உருவாக்கிய ஒரு பொருளைக் கீயாகக் கொடுத்தால் மட்டும், இரண்டு கீகளில் எது முந்தி என்று சொல்லும் விதியையும் நாமே எழுதித்தர வேண்டும். இரண்டு கீகளை விதி சமம் என்று சொல்லிவிட்டால் பழையதன் இடத்தில் புதியது ஏறிவிடும். உள்ளே போட்ட பிறகு கீயை மாற்றினால், பொருள் உள்ளேயே இருக்கும், தேடினால் கிடைக்காது!

இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றையும் கணினி வருவதற்கு முன்பே சென்னையில் ஒருவர் புத்தக அலமாரிகளை வைத்துச் சந்தித்துவிட்டார். அவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வேலை முதலில் பிடிக்கவே இல்லை, வகுப்பறைக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தபின் முடிவு செய்யலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்போது நூலகங்களில் பெயர் பெற்றிருந்தது மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசம முறை. எல்லாப் பாடங்களுக்கும் எண்கள் முன்கூட்டியே அச்சாகி இருக்கும். புத்தகத்துக்கு ஏற்றதைத் தேடி எடுத்து ஒட்ட வேண்டும். பட்டியலில் இல்லாத புதிய பாடம் வந்தால் திண்டாட்டம்தான். லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோதுதான் ரங்கநாதனுக்கு வழி பிடிபட்டது. சில துண்டுகள், நட்டு, போல்ட்டு. அவற்றைக்கொண்டே எத்தனையோ பொம்மைகள். பாடத்தையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, தேவையானபோது கோத்தால் என்ன? போல்ட்டுக்குப் பதில் கோலன், அதாவது முக்காற்புள்ளி. 1925-ல் ஊர் திரும்பும்போது கப்பலில் இருந்த நூலகத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். சென்னை நூலக சங்கம் 1933-ல் 'கோலன் பகுப்பு முறை'யின் முதல் பதிப்பை வெளியிட்டது.

முறை முதிர்ந்தபின் ஒரு கீ எப்படி இருந்தது என்று பார்க்கலாம். 1950-களில் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்-ரே சிகிச்சை என்பது பொருள் என்றால் எண் இது: எல்,45;421:6;253.44'என்5. 'எல்' மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ்-ரே, 44 இந்தியா, 'என்5' 1950-கள். பல புலங்கள் சேர்ந்த ஒரே கீ. எந்தத் துண்டு எந்தப் புலம் என்பதை அதன் முன்னால் இருக்கும் குறியே சொல்லிவிடும்.

துண்டுகளைக் கோப்பதைவிட அவற்றை ஒப்பிடும் விதிதான் கடினமான பகுதி. ஒரு பொதுவான நூலும் அதன் உட்பிரிவு நூலும் இருந்தால், வாசகர் அலமாரியில் நடக்கும்போது பொதுவானது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பது ரங்கநாதனின் எண்ணம். அதற்காக நிறுத்தக் குறிகளுக்கே தர வரிசை கொடுத்தார்: காலத்தைக் காட்டும் ஒற்றை மேற்கோள் குறி முதலில், பிறகு இடத்தைக் காட்டும் புள்ளி, பிறகு கோலன், அரைப்புள்ளி, கடைசியில் காற்புள்ளி. ஆங்கில எழுத்துகளில் சின்ன எழுத்துகள் முதலில், அடுத்து எண்கள், அடுத்துப் பெரிய எழுத்துகள். அதனால்தான் பொது நூல்களுக்கான சின்ன 'இசட்' எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. கணினியின் ஆஸ்கி வரிசையோ எண், பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று போகிறது. அதில் காற்புள்ளி புள்ளிக்கும் கோலனுக்கும் முந்தியது. ரங்கநாதனின் எண்களை வெறும் சரமாக வரிசைப்படுத்தினால் பொது நூல்கள் அறையின் கடைசி அலமாரிக்குப் போய்விடும்.

'சிறியது முதலில்' என்ற சாதாரண விதியைக்கூட ஓரிடத்தில் அவர் உடைத்தார். கணிதத்துக்கு எண் 'பி'. கணித நூற்பட்டியலுக்கு அதோடு சின்ன 'ஏ' சேரும், கணிதக் கலைக்களஞ்சியத்துக்குச் சின்ன 'கே'. எண் நீளமாக இருந்தாலும் இவை வெறும் 'பி'க்கு முன்னால் நிற்கும். பாடத்துக்குள் நுழைகிறவருக்கு முதலில் தேவை வழிகாட்டும் நூல்கள்தானே? எந்தச் சரத்தைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, வாசகரைப் பார்த்துத்தான் தெரியும். இந்த முறையில் மிக அழகான இடம் இதுதான்.

ஒரே பொருளில் இரண்டு நூல்கள் இருந்தால்? பாட எண்ணுக்குப் பின்னால் நூல் எண் வரும். அதில் வெளியான ஆண்டும் அடங்கும். 1930-கள் 'ஜி' என்பதால் 1931 'ஜி1'. அந்த ஆண்டு வந்த ரங்கநாதனின் சொந்த நூலான 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்பதற்கு 2 ஜி1 என்று வரும், 2 நூலகவியல். இன்னும் சமமாக இருந்தால் மேலும் ஓர் எண் சேரும். எந்த இரண்டு நூல்களும் கடைசி வரை சமமாக இருக்கக்கூடாது.

இப்படி ஒட்டிய எண்களோடு 1936-ல் சேப்பாக்கத்தில், கடற்கரைச் சாலையில், பல்கலைக்கழக நூலகம் தன் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. ரங்கநாதன் 1945-ல் காசிக்குப் போனார். அவர் பெங்களூரில் மறைந்த 1972-ஆம் ஆண்டில்தான் ருடால்ஃப் பாயர், பின்னாளில் ட்ரீமேப்புக்குள் இடம்பெற்ற சிவப்பு-கறுப்பு மரத்தின் மூல வடிவத்தை வெளியிட்டார். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எல்லாம் சரி, மூன்றாவது சிக்கல் என்ன ஆனது? அங்கேதான் ரங்கநாதன் மாட்டிக்கொண்டார். அவருக்குத் தன் விதியைத் திருத்தாமல் இருக்க முடியவில்லை. முதல் பதிப்பில் புலங்களைப் பிரிக்க இருந்தது கோலன் ஒன்றுதான். 1952-ல் வந்த நான்காம் பதிப்பில் புலத்துக்கேற்ற குறிகள் வந்தன. ஆறாம் பதிப்பு 1960-ல் வந்தபோது இடத்துக்கும் காலத்துக்கும் ஒரே புள்ளி. எண்கள் பெரிய எழுத்துக்கு முந்தியவை என்பதால், இடம் காலத்துக்கு முன்னால் போய் நிற்கும். பொதுவானது முதலில் என்ற கொள்கைக்கு இது நேர்மாறு. 1963 மறு அச்சில் காலத்துக்கு ஒற்றை மேற்கோள் குறி கொடுத்துச் சரிசெய்தார். ஒவ்வொரு திருத்தமும் நியாயமானதுதான். ஆனால் நூலக ஊழியர் நிலையில் இருந்து பாருங்கள்: புத்தக முதுகில் ஒட்டிய எண், அட்டைப் பெட்டியில் இருக்கும் அட்டை, அலமாரியில் புத்தகத்தின் இடம் என மூன்றும் மாற வேண்டும். பாதியை மாற்றிப் பாதியை விட்டால், புத்தகம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும், கேட்டவருக்குக் கிடைக்காது. வணிகவியல் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், நடு ஆண்டில் பேரேட்டின் கணக்கு எண்களை எல்லாம் மாற்றியது போல.

ஏழாம் பதிப்பு, எம். ஏ. கோபிநாத் தொகுக்க, 1987-ல் வந்தது. குறிகளிலும் புலங்களிலும் மாற்றங்கள் ஏராளம். கோலன் முறையில் இருந்த பல நூலகங்கள் அதைப் பாடமாகப் படித்தன, அலமாரியில் மட்டும் ஆறாம் பதிப்பிலேயே நின்றுவிட்டன.