வருகைகளுக்கு இடைப்பட்ட நாட்கள்: கொங்கு மண்டலத்தில் இளஞ்சிறாருக்கான வீட்டுவழிப் பயிற்சியின் கால அளவு குறித்து

கேள்வியின் இடம்

வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைக்கு இயன்ற அளவு விரைவாகப் பயிற்சி தொடங்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை தர வேண்டும் என்பதில்தான் தெளிவு குறைவு. 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், கண்டறிதலுக்குத் திட்டவட்டமான கால அட்டவணையை வகுத்தது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையும் பார்க்க வேண்டும். பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைபாடுகள், வளர்ச்சித் தாமதங்கள் எனும் நான்கு வகைகளில் அடங்கும் 30 நிலைகளைக் கண்டறிந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அத்தகைய மையம் இயங்குகிறது. ஆனால் மையத்தில் பெயர் பதிந்த குழந்தை அதன்பின் எத்தனை முறை பயிற்சி பெறுகிறது என்பதைப் பெரும்பாலும் பேருந்து வசதியும் பெற்றோரின் விடுப்பும் கைக்காசுமே முடிவு செய்கின்றன. 2018இல் வெளியான, இந்தியாவின் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடு ஒன்றேனும் இருப்பதாகக் கணித்தது. இத்தனை பெரிய தேவைக்கு உரிய அளவைத் தற்செயலிடம் விட்டுவிட முடியாது.

கொங்கு மண்டலத்தில் இந்தத் தற்செயல் இரண்டு எதிரெதிர் வடிவங்களை எடுக்கிறது. கோவை நகரில் வசதியுள்ள குடும்பம் பிசியோ, ஸ்பீச் தெரபி, செயல்முறைப் பயிற்சி என நாள்தோறும் ஒரு மையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். பயிற்சியாளர்களை உருவாக்கும் நிறுவனங்களும் இங்கேயே உள்ளன: பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்திலும் அவிநாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி கற்பிக்கப்படுகிறது. நகரை விட்டு விலகினால் நிலைமை வேறு. ஊர் நடுவே கூடி வாழாமல் தத்தம் தோட்டத்துச் சாளைகளில் தனித்தனியாக வாழும் குடும்பங்கள் இந்த மண்ணில் ஏராளம். பேருந்து நிற்கும் இடத்துக்கு வரவே நெடுந்தூரம் நடக்க வேண்டும். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து கோவைக்கு இன்னொரு பயணம். அப்படிப்பட்ட குழந்தை மாதத்துக்கு ஒருமுறை மையத்துக்கு வந்தாலே அது பெரும் முயற்சி. ஒரு குழந்தைக்கு நாள்தோறும், இன்னொன்றுக்கு மாதம் ஒருமுறை. இவ்விரண்டில் எதுவும் குழந்தையின் தேவையை அளந்து வைத்த அளவு இல்லை என்பதே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி. வருகையின் எண்ணிக்கையை, இரு வருகைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் வீடு என்ன செய்ய முடிகிறது என்பதைக் கொண்டே வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால், தொடக்க மாதங்களில் வாரம் ஒருமுறை என்பதே குறைந்தபட்ச அளவாகும் என்பது என் வாதம்.

சான்றுகள் சொல்வது

வீட்டு வருகையின் கால இடைவெளியையே நேரடியாக ஆராய்ந்த முக்கியமான ஆய்வு ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் நடந்தது. 1989இல் கிறிஸ்டின் பவலும் சாலி கிரந்தம்-மெக்ரெகரும் வெளியிட்ட அந்த ஆய்வில், ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளைச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று தாயுடன் சேர்ந்து விளையாடிக் காட்டினர். மாதம் ஒருமுறை சென்ற வீடுகளில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை சென்றபோது சிறிய பயனும், வாரந்தோறும் சென்றபோது தெளிவான பயனும் தெரிந்தன. வாராந்திர வருகை தனியொரு சோதனையாக நடந்தது என்பதால் ஒப்பீட்டைச் சற்று எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும்; ஆயினும் படிநிலை தெளிவாகவே உள்ளது. அதே நாட்டில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டுகள் வாரம் ஒரு மணி நேரம் தரப்பட்ட இதே வகைப் பயிற்சியின் பயனை இருபது ஆண்டுகள் கழித்து அளந்தபோது, அவர்களின் வருமானம் பயிற்சி பெறாதவர்களுடையதைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது 2014இல் வெளியான முடிவு.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான தெற்காசிய ஆய்வு இதற்கு மாறாகப் பேசுவதுபோல் முதலில் தோன்றும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயதுக்கு உட்பட்ட 65 குழந்தைகளிடம் நடந்து, 2016இல் வெளியான ஆய்வு அது. சிறப்பு மருத்துவர்கள் அல்லாத பணியாளர்கள் ஆறு மாதங்களில் 12 அமர்வுகள், அதாவது இரு வாரத்துக்கு ஒன்று, நடத்தினர். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அதைப் பெற்றோருடனேயே பார்த்துப் பேசுவது முறை. குழந்தையின் போக்கை உணர்ந்து பெற்றோர் பதில் தரும் திறன் உயர்ந்தது. குழந்தை தானே முன்வந்து பேச்சுறவைத் தொடங்குவதும் கூடியது. பெற்றோரும் குழந்தையும் ஒன்றில் சேர்ந்து கவனம் கொள்ளும் நேரம் மட்டும் குறைந்தது. ஜமைக்காவில் சிறிய பயனே தந்த இரு வார இடைவெளி இங்கே எப்படிப் போதுமானதாயிற்று? ஜமைக்காவில் பணியாளர் வீட்டில் விட்டுச் சென்ற பொம்மைகள் அடுத்த வருகையில் மாற்றப்பட்டன. வருகை தள்ளிப்போனால் பழைய விளையாட்டே தொடரும். தெற்காசிய ஆய்விலோ பெற்றோர் கற்றது எந்தப் பொருளையும் சாராத, உண்ணும்போதும் குளிக்கும்போதும் பயன்படும் ஒரு திறன். அம்முறைக்கு மூலமான இங்கிலாந்து ஆய்விலும் பெற்றோர் நாள்தோறும் அரைமணி நேரம் வீட்டில் பயில வேண்டும் என்பது விதி. வருகை குறைவாக இருந்தும் பயிற்சி அங்கே குறையவில்லை.

மூளை முடக்குவாதம் பற்றிய ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் அயோனா நோவக் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி வயதுக் குழந்தைகளின் குடும்பங்கள் எட்டு வாரங்கள் வீட்டில் பயிற்சி செய்தன. சராசரியாக மாதத்துக்கு 17 அல்லது 18 முறை, ஒவ்வொரு முறையும் 16 அல்லது 17 நிமிடங்கள். குடும்பமே தேர்ந்த இலக்குகளில் இந்த அளவே தெளிவான முன்னேற்றம் தந்தது. கைப்பயன்பாட்டுப் பயிற்சிக்குத் தேவையான அளவைத் தொகுத்தாராய்ந்த 2020ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, குறிப்பிட்ட இலக்கை எட்ட 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று கணித்தது; அந்தக் கணக்கில் பயிற்சியாளர் முன் செய்ததும் வீட்டில் செய்ததும் சேர்ந்தே வரும். இரண்டு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு 12 மணி நேரம் விழித்திருப்பதாகக் கொண்டால் வாரத்துக்கு 84 மணி நேரம். பயிற்சியாளரின் ஒரு மணி நேரம் போக மீதி 83 மணி நேரமும் வீட்டின் கையில்தான் இருக்கிறது. பயிற்சியாளர் வருவது அந்த 83 மணி நேரத்தைத் திருத்தி அமைக்க.

மிகுதியே நன்று என்னும் வாதம்

இதற்கு எதிரான வலுவான வாதம் ஆட்டிசத் துறையிலிருந்து வருகிறது. 1987இல் ஐவர் லோவாஸ், வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் ஒன்பது பேர் இயல்பான அறிவுத்திறனையும் பள்ளிக் கல்வியையும் எட்டியதாக அறிவித்தார். உலகெங்கும் பெற்றோரின் மனத்தில் 40 என்ற எண் பதிந்துபோக அதுவே காரணம். ஆனால் அந்த ஆய்வில் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. முறையாகப் பிரித்து நடத்திய பிந்தைய ஆய்வுகள் அந்த எண்ணை ஆதரிக்கவில்லை. 2021இல் சாலி ரோஜர்ஸ் குழுவினர் 87 குழந்தைகளுக்கு ஓராண்டு காலம் வாரம் 15 மணி நேரமும் 25 மணி நேரமும் தந்து ஒப்பிட்டபோது மொத்த விளைவில் வேறுபாடு தெரியவில்லை. 2024இல் சாண்ட்பேங்க் குழுவினர் 144 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பயிற்சி நேரம் கூடக்கூடப் பயன் கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றனர். இவற்றை வைத்து வாரம் ஒரு மணி நேரம் போதும் என்று தாவிவிடுவது நேர்மையாகாது. 15 மணி நேரமே நம் மாவட்டங்களில் எட்டாத அளவு. அந்த ஆய்வுகள் காட்டுவது, ஓர் எல்லைக்கு மேல் நேரத்தைக் கூட்டுவது பயனை உறுதி செய்யாது என்பது மட்டுமே. அந்த எல்லைவரை நேரத்தை நிரப்ப வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு, மேற்கண்ட வீட்டுவழி ஆய்வுகளே விடை தருகின்றன. ஆகவே கடன் வாங்கி நாள்தோறும் மையத்துக்கு அலையும் குடும்பத்திடம், அலைச்சலில் கரையும் நேரத்தை வீட்டில் செலவிடுவது குழந்தைக்கு இழப்பில்லை என்று சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு.

இந்த மண்ணுக்கு ஏற்ற அளவு

மாத வருகைக்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்மாதிரி இருப்பதாகச் சிலர் கருதலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டு தருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் அதில் அடங்கும். அரசு வீடு தேடி வர முடியும் என்பதற்கு அது உறுதியான சான்று. ஆனால் ஒரு மாத மாத்திரையை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். ஒரு மாதப் பயிற்சியை அப்படிக் கொடுக்க முடியாது. குழந்தையைப் பிடிக்கும் விதம் தவறினால் தவறே முப்பது நாளும் பழக்கமாகும். இன்னும் பொருத்தமான முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தனர். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் கூடுதல் உணவு. தேறினால் நிறுத்தம், தேறாவிட்டால் தொடர்ச்சியும் மருத்துவக் கவனிப்பும். எல்லாருக்கும் ஒரே அளவு என்பதை விட்டு, குழந்தையின் முன்னேற்றமே அளவை முடிவு செய்யும் நெறியை இம்மாநிலம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செயலில் காட்டிவிட்டது.

அந்த நெறியை இங்கே பொருத்தினால் வடிவம் இப்படி அமையும். முதல் ஆறு மாதங்கள் வாரம் ஒருமுறை வீட்டு வருகை. ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று இலக்குகள் மட்டும். பயிற்சியாளர் செய்து காட்டி, வீட்டார் அவர் முன்னிலையில் செய்து, திருத்தம் பெற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட மையத்தின் நிபுணர் மதிப்பிட வேண்டும். வீட்டார் பயிற்சியைத் தாமாகவே அன்றாட வேலைகளில் சேர்த்துக்கொண்டு, குழந்தையும் முன்னேறினால் இரு வாரத்துக்கு ஒருமுறையாகத் தளர்த்தலாம். நிற்கத் தொடங்குதல், சொற்கள் தோன்றுதல் போன்ற புதிய கட்டங்களிலும், வலிப்புக்குப் பின்னும், பார்த்துக்கொள்பவர் மாறும்போதும், அங்கன்வாடியில் சேரும்போதும் மீண்டும் வாராந்திர வருகைக்குத் திரும்ப வேண்டும். மாதம் ஒருமுறை என்பதைக் கண்காணிப்பு என்று பதிவேட்டில் எழுதலாம். பயிற்சி என்று எழுதக் கூடாது. விழுங்குவதில் சிரமம், அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய காலம், காக்ளியர் கருவி பொருத்திய முதல் ஆண்டு ஆகியவற்றுக்கு இந்த அளவு பொருந்தாது; அங்கே மருத்துவத் தேவையே அளவு.

மறுப்புகளுக்கு விடை

இந்தத் திட்டம் சுமை முழுவதையும் தாயின் தலையில் ஏற்றுகிறது என்பது முதல் மறுப்பு. இதை லேசாகக் கடந்து போக முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு ஒரு மணி நேர விடுப்பும் கூலி இழப்பே. பல்லடம், சோமனூர் பகுதி விசைத்தறிக் குடும்பங்களுக்கு இரவும் பகலும் வேலை. ஆனால் மையத்துக்குப் போவது அந்தத் தாயிடமிருந்து அரைநாளையோ முழுநாளையோ பறிக்கிறது. வீட்டு வருகை ஒரு மணி நேரத்தோடு முடிகிறது. சுமையைக் குறைக்கும் வழி, வருகையை ஞாயிற்றுக்கிழமைக்கும் ஷிப்டு முடியும் நேரத்துக்கும் மாற்றுவதும், பயிற்சி பெறுபவர் தாய் மட்டுமே என்ற எண்ணத்தைக் கைவிடுவதும்தான். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டியான ஆத்தாவோ அமுச்சியோ என்றால் அவருக்கே கற்றுத்தர வேண்டும். தந்தைக்கும் கற்றுத்தர வேண்டும். வால்பாறை எஸ்டேட்டுகளில் பெற்றோர் இருவரும் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. அங்கே வாராந்திர வருகை காப்பகத்துக்கும், மாதம் ஒரு மாலை லைன் வீட்டுக்கும் செல்வதே பொருத்தம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மில் குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களுக்கு அவர்களின் மொழி அறிந்தவர் உடன் வராமல் பயிற்சி பலிக்காது.

வாரந்தோறும் செல்ல ஆட்கள் எங்கே என்பது இரண்டாவது மறுப்பு. நிபுணர்களை மட்டும் எண்ணினால் விடை இல்லை. ஆனால் ஜமைக்காவிலும் கோவாவிலும் வீடுகளுக்குச் சென்றவர்கள் நிபுணர்கள் இல்லை. பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் பெற்ற சமூகப் பணியாளர்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், ஊர்ப் பணியாளர்கள் வீடு சென்று பயிற்சி தர, நிபுணர்கள் கைபேசிச் செயலி வழியாக மேற்பார்வையிடும் முறையைத் தமிழ்நாட்டிலேயே நடத்திக் காட்டியுள்ளது. உலக வங்கி உதவியுடன் மாநில அரசு நடத்தும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம், ‘விழுதுகள்’ மையங்கள் வழியாகச் சேவைகளை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுசெல்ல முனைகிறது. பணியாளர் அமர்த்தும்போதே ஒருவருக்கு எத்தனை வீடுகள் என்பதை இந்த வாராந்திர அளவைக் கொண்டு கணக்கிட்டால், திட்டம் காகிதத்தில் நிற்காது.

குழு அமர்வுகள் மலிவானவை என்பது மூன்றாவது மறுப்பு. ஒடிசாவில் 192 ஊர்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், வாராந்திரக் குழு அமர்வுகளும் வாராந்திர வீட்டு வருகைகளும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன. ஆண்டுச் செலவோ குழந்தைக்கு 38 டாலர், 135 டாலர் என வேறுபட்டது. குழு முறையை, வீட்டு வருகையைத் தளர்த்தும் இரண்டாம் கட்டத்தில் பயன்படுத்த இது நல்ல காரணம். அங்கன்வாடியில் கூடும் தாய்மார் ஒருவருக்கொருவர் ஆறுதலாகவும் இருப்பார்கள். ஆனால் அங்கே பங்கேற்றவை வறுமைச் சூழலில் வளரும் பொதுவான குழந்தைகள்; கை கால் இறுக்கம் உள்ள குழந்தையைத் திண்ணையில் எப்படி உட்கார வைப்பது என்பதைக் குழுவில் கற்றுத்தர இயலாது. இரு முறைகளிலும் வாராந்திர இடைவெளி மாறவில்லை என்பதையும் சிக்கனம் பேசுவோர் கவனிக்க வேண்டும். சிக்கனத்தை அமர்வின் வடிவத்தில் தேடலாம். இடைவெளியை நீட்டித் தேடினால் செலவு குறையும், பயனும் மறையும்.

ஆகவே கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட மையங்கள் உடனே செய்யக்கூடிய மாற்றம் ஒன்று உண்டு. குழந்தைக்கு எத்தனை அமர்வுகள் தரப்பட்டன என்பதோடு, கடந்த வருகைக்குப் பின் வீட்டில் எத்தனை நாட்கள் பயிற்சி நடந்தது, யார் செய்தார், எது தடையாக இருந்தது என்பதையும் ஒவ்வொரு வருகையிலும் பதிய வேண்டும். அடுத்த வருகை எப்போது என்பதை அந்தப் பதிவே முடிவு செய்யட்டும். பயிற்சி நடக்காத வீட்டுக்கு வருகை கூட வேண்டும். ஒத்துழைப்பு இல்லை என்று பெயர் நீக்கும் வழக்கம் நிற்க வேண்டும். கண்டறிதலுக்கு அட்டவணை வகுத்த அரசு, கண்டறிந்த குழந்தைக்கு வாரம் ஒரு மணி நேரத்தை உரிமையாக எழுதித் தருவது இயலக்கூடியதே. அதைச் செய்யும்வரை, கண்டறிதல் பெற்றோருக்குக் கவலையை மட்டுமே தந்துவிட்டு நின்றுவிடும்.