கதைத் தருக்கமும் வரலாற்றுச் சுட்டும்: மீநாயகர் தொடர்களைப் பற்றிய இரசிகர் விவாதம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்தபின், அதன் கதையில் காரணமும் விளைவும் பொருந்துகின்றனவா என்றும், பின்னணியில் தோன்றும் ஒரு பொருளோ இசையோ முந்தைய எந்தப் படைப்பைச் சுட்டுகிறது என்றும் இளையோர் வாதிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வகுப்பறையில் ஒரு பத்தியை ஊன்றிப் படிக்கத் தயங்கும் மாணவரும், இரண்டு நிமிடக் காட்சியைப் பற்றி அரைமணி நேரம் சான்று காட்டிப் பேசுவதுண்டு. சூப்பர் ஹீரோ எனப்படும் மீநாயகர்களைப் பற்றிய தொடர்கள் இவ்வகை விவாதத்திற்குப் பெரிதும் இடமளிக்கின்றன. இதனைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவது எளிது. எனினும், இப்பழக்கத்திற்கு நீண்ட வரலாறு உண்டு.

இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சுருக்கமாக வரைந்து, 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மிஸ் மார்வெல்' தொடரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு வினாவை ஆராய முற்படுகிறது. கதைக்குள் காரணம் தேடும் பயிற்சி, அக்கதை உண்மை வரலாற்றைத் தொடும்போது என்னவாகிறது என்பதே அவ்வினா. அத்தொடர் 1947-ஆம் ஆண்டின் இந்தியப் பிரிவினையைத் தன் கதையின் மையத்தில் வைத்துள்ளதால், இந்தியவியல் துறையினராகிய நமக்கு இது புறம்பான பொருளன்று.

கடிதப் பகுதியில் பிறந்த விவாதம்

ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் அறிவியல் புனைகதை இதழ், வாசகர் கடிதங்களை அவர்தம் முகவரிகளுடன் வெளியிட்டது. அதனால் வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதியதோடு நில்லாமல் தமக்குள்ளும் எழுதிக்கொள்ளலாயினர். அவ்வாறு உருவான இரசிகர் வட்டத்தைச் சேர்ந்த மோர்ட் வைசிங்கரும் ஜூலியஸ் ஷ்வார்ட்சும் 1932-இல் பிறருடன் இணைந்து 'தி டைம் டிராவலர்' என்ற இரசிகர் இதழை நடத்தினர். பின்னாளில் இருவரும் டிசி நிறுவனத்தின் காமிக்ஸ் இதழ்களுக்கு ஆசிரியர்களாயினர். வைசிங்கர் 1958-இல் 'சூப்பர்மேன்' இதழில் கடிதப் பகுதியைத் தொடங்கினார். ஷ்வார்ட்ஸ் 1960-களின் தொடக்கத்தில் கடிதம் எழுதியோரின் முழு முகவரிகளையும் அச்சிடலானார். தாம் இளமையில் பெற்ற வாய்ப்பை அவர் அடுத்த தலைமுறைக்கு வழங்கினார் எனலாம்.

இவ்வரலாற்றில் 1961-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் ஜெர்ரி பெய்ல்ஸ், ராய் தாமஸின் துணையுடன் 'ஆல்டர் ஈகோ' என்னும் இரசிகர் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு 'தி ஃபிளாஷ்' இதழின் 123-ஆம் எண்ணில் கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதிய கதை ஒன்று வெளிவந்தது. ஃபிளாஷ் என்ற பெயரில் 1940-இல் ஒரு நாயகரும் 1956-இல் வேறொரு நாயகரும் படைக்கப்பட்டிருந்தனர். இருவரும் எவ்வாறு ஒரே பெயரைத் தாங்கினர் என்பதற்கு, அவர்கள் வெவ்வேறு உலகங்களில் வாழ்பவர்கள் என்று அக்கதை விடை கூறியது. இவ்விடை முரணைத் தீர்த்தது. ஆனால் பல உலகங்களைப் பிறப்பித்தது. அவ்வுலகங்கள் பெருகிக் குழப்பம் விளைந்தபோது, அவற்றை ஒன்றாக்க 1985–86-இல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற பன்னிரண்டு இதழ்த் தொடரையே டிசி நிறுவனம் வெளியிட வேண்டியதாயிற்று.

மார்வெல் நிறுவனத்தின் போக்கு சற்று வேறுபட்டது. 1964-இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழில் புரூஸ் பேனர் என்ற பாத்திரத்தின் பெயரை ஸ்டான் லீ தவறுதலாக பாப் பேனர் என எழுதிவிட்டார். வாசகர்கள் சுட்டிக்காட்டியதும், அப்பாத்திரத்தின் முழுப்பெயர் ராபர்ட் புரூஸ் பேனர் என்று கடிதப் பகுதியில் விளக்கம் தந்தார். பிழை அவ்வாறே கதையின் உண்மையாயிற்று. அக்காலத்திலேயே அவர் 'நோ-பிரைஸ்' என்ற பரிசில்லாப் பரிசையும் அறிமுகப்படுத்தினார். பிழையைக் கண்டுபிடிப்பதுடன் நில்லாமல், அது பிழையே அன்று என நிறுவும் விளக்கத்தையும் தரும் வாசகருக்கே அப்பரிசு என்பது நாளடைவில் மரபாயிற்று. வெற்றி பெற்றவருக்கு வெற்று உறை ஒன்று அஞ்சலில் வந்தது.

இந்த வெற்று உறை நம் சிந்தனைக்குரியது. நூலைச் சோதிக்கும் வாசகரை, நூலைக் காக்கும் வாசகராக அது மாற்றியது. இரசிகர் விவாதத்தில் முரணைக் கண்டறியும் கூர்மையும், கண்ட முரணுக்கு அமைதி கூறும் ஆர்வமும் இன்றளவும் இணைந்தே காணப்படுவதற்கு இது ஒரு காரணம் என நாம் கருதுகிறோம். இரசிகராகத் தொடங்கிய ராய் தாமஸ் 1965-இல் மார்வெல் நிறுவனத்தில் சேர்ந்து 1972-இல் அதன் தலைமை ஆசிரியரானமை, வாசகருக்கும் படைப்பாளருக்கும் இடையே இருந்த எல்லை எத்துணை மெல்லியது என்பதைக் காட்டும்.

தொலைக்காட்சிக்குப் பெயர்தல்

காமிக்ஸ் கதைகள் தொலைக்காட்சிக்குப் பெயர்ந்தபோது இவ்வாசிப்பு முறையும் உடன் பெயர்ந்தது. மேற்குறித்த 'கிரைசிஸ்' கதை 2019 டிசம்பர் முதல் 2020 ஜனவரி வரை ஐந்து தொலைக்காட்சித் தொடர்களை இணைக்கும் நிகழ்ச்சியாகவே ஒளிபரப்பாயிற்று. 2021-இல் வெளிவந்த 'வாண்டாவிஷன்' தொடர் வாரம் ஒரு பகுதியாக வந்தமையால், ஒவ்வொரு வாரமும் ஊகத்திற்கு இடமிருந்தது. காமிக்ஸில் இடம்பெற்ற மெஃபிஸ்டோ என்னும் தீய பாத்திரம் தோன்றப் போகிறது என்று இரசிகர் பலர் சிறு சிறு சான்றுகளைத் திரட்டி வாதிட்டனர். தொடர் முடிந்தது, மெஃபிஸ்டோ வரவில்லை. ஒரு பெண்ணின் துயரமே கதையின் காரணம் என்பது முதலிலிருந்தே புலனாகியிருந்தும், சுட்டுகளைத் தேடிய கண்களுக்கு அது போதவில்லை. சுட்டு இருப்பதனாலேயே காரணம் கிடைத்துவிடுவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

'மிஸ் மார்வெல்' தொடரும் 1947-உம்

கமலா கான், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நகரில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிச் சிறுமி. 2013-இல் அறிமுகமாகி, 2014-இல் ஜி. வில்லோ வில்சன் எழுத்திலும் ஏட்ரியன் அல்போனா ஓவியத்திலும் தனி இதழின் நாயகியானவள். 2022 ஜூன், ஜூலை மாதங்களில் ஆறு பகுதிகளாக வெளிவந்த தொடருக்குத் தலைமை எழுத்தாளர் பிஷா கே. அலி. பிரிவினை இடம்பெறும் ஐந்தாம் பகுதியைப் பாகிஸ்தானிய ஆவணப்பட இயக்குநர் ஷர்மீன் உபைத் சினாய் இயக்கினார்.

கமலாவின் குடும்பத்தில் ஒரு கதை வழங்குகிறது. 1947-இல் கராச்சி செல்லும் கடைசி இரயிலைப் பிடிக்க விரைந்த கூட்டத்தில் பாட்டி சனா குழந்தையாக இருந்தபோது தொலைந்துபோனாள் என்றும், விண்மீன்களின் தடம் ஒன்று அவளைத் தந்தையிடம் கொண்டு சேர்த்தது என்றும் பெரியவர்கள் கூறுகின்றனர். ஐந்தாம் பகுதியில் கமலாவே அந்த இரயில் நிலையத்திற்குக் காலம் கடந்து செல்கிறாள். கொள்ளுப்பாட்டி ஆயிஷா உயிர் துறக்கும் வேளையில், கமலாவின் ஒளியே குழந்தையைத் தந்தை ஹசனிடம் சேர்க்கிறது.

இரசிகர் விவாதம் இங்குத் தன் முழுத் திறத்தையும் காட்டுவதற்கு இடமுண்டு. ஆயிஷாவும் ஹசனும் சந்திப்பது 1942-இல், ஆகவே 1947-இல் சனா சிறு குழந்தையாகவே இருக்க முடியும், இக்கணக்கு இடறவில்லை. சனா பிழைத்திராவிடில் கமலா பிறந்திருக்க மாட்டாள். கமலா பிறந்திராவிடில் சனா பிழைத்திருக்க மாட்டாள். எனில் முதற்காரணம் எது? வேற்றுலகம் திரும்புவதற்காகப் பல்லாண்டு காத்திருந்த நஜ்மா, இறுதியில் ஒரு கணத்தில் மனம் மாறுவது ஏற்புடையதா? ஆறாம் பகுதியில் கமலாவின் மரபணுவில் ஒரு திரிபு உள்ளது என்று சொல்லப்பட்டதும், 1992-இல் தொடங்கிய 'எக்ஸ்-மென்' உயிரோவியத் தொடரின் இசை சில நொடிகள் ஒலித்தது. அவ்விசையைக் கேட்ட மாத்திரத்திலேயே, காமிக்ஸில் வேறோர் இனத்தவளாக இருந்த கமலா இங்கு எக்ஸ்-மென் இனத்தைச் சேர்க்கப்பட்டுள்ளாள் என்பதை இரசிகர்கள் உணர்ந்துகொண்டனர். 2023-இல் காமிக்ஸும் அம்மாற்றத்தை ஏற்றது. அதையொட்டி வந்த இதழ்களை எழுதிய இருவருள் ஒருவர், கமலாவாக நடித்த இமான் வெல்லானி. மார்வெல் திரைப்படங்கள் நிகழும் உலகின் எண் 616 அன்று, 199999 என்று தயாரிப்பாளர் கெவின் ஃபைகியுடனேயே வாதிட்ட இரசிகை அவர். ராய் தாமஸ் சென்ற பாதை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அடைபடவில்லை.

கேட்கப்படாத காரணம்

காலச் சுழல், குழந்தையை மீட்டது யார் என்ற வினாவுக்கு விடை தருகிறது. அக்குழந்தை ஏன் தொலைந்தது என்ற வினாவோ சுழலுக்கு வெளியே நிற்கிறது. அதன் விடை வேற்றுலகத்தில் இல்லை. 1947 பிப்ரவரியில் பிரித்தானிய அரசு வெளியேறும் காலக்கெடுவாக அறிவித்தது 1948 ஜூன் மாதத்தை. ஜூன் 3-ஆம் நாள் பிரிவினைத் திட்டம் வெளியிடப்பட்டபின் அது 1947 ஆகஸ்டுக்கு முன்னிழுக்கப்பட்டது. அதற்கு முன் இந்தியாவைப் பார்த்தேயிராத சிரில் ராட்கிளிஃப் ஜூலை 8-இல் வந்து, ஏறத்தாழ ஐந்து வாரங்களில் பஞ்சாபுக்கும் வங்காளத்திற்கும் எல்லை வகுத்தார். அவ்வெல்லை விடுதலைக்குப் பின்னர், ஆகஸ்ட் 17-இல்தான் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. 12 முதல் 15 மில்லியன் மக்கள் இடம்பெயர்ந்ததாக மதிப்பிடப்படுகிறது. இறந்தோரின் எண்ணிக்கை இரண்டு இலட்சம் முதல் இரண்டு மில்லியன் வரை பலவாறு கூறப்படுகிறது.

குடும்பக் கதைகளைச் சான்றாகக் கொள்வதற்கும் ஒரு முறை உண்டு. ஊர்வசி புட்டாலியா 1998-இல் வெளியிட்ட 'தி அதர் சைட் ஆஃப் சைலன்ஸ்' என்னும் நூல், பிரிவினையில் பிளவுண்ட தம் குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்கி, பெண்கள், குழந்தைகள், ஒடுக்கப்பட்டோர் ஆகியோரின் வாய்மொழிகளைப் பதிவு செய்தது. அம்முறையில் நோக்கினால், விண்மீன் தடத்தை வைத்தது யார் என்பது முதல் வினாவாகாது. ஒரு குடும்பம் தன் பேரிழப்பைப் பிள்ளைகளிடம் கூறுகையில் விண்மீன்களைத் துணைக்கழைக்க நேர்ந்தது ஏன் என்பதே முதல் வினாவாகும். தொடரோ அவ்விண்மீன்களை மெய்யாக்கிவிடுகிறது. அதனால் கதை நிறைவுறுகிறது. ஆனால் ஆற்றாமையைத் தாங்க மனிதர் கதை புனைந்த உண்மை சற்றே மங்குகிறது. தடம் எதுவும் தோன்றாமல் தொலைந்தே போன குழந்தைகள் அந்த நிலையங்களில் இருந்தனர்.

இதனைத் தொடரின் குறையாக மட்டும் நாம் கூறவில்லை. பாடநூலில் சில வரிகளில் கடந்துவிடும் நிகழ்வை, உலகெங்கும் உள்ள இளையோர் கண்முன் அது நிறுத்தியது. தாத்தா பாட்டியரிடம் கேட்கத் தகுந்த கதைகள் உள்ளன என்பதைக் கமலாவின் வழியாக உணர்த்தியது. கதவைத் திறப்பது படைப்பின் பணி. உள்ளே செல்வது வாசகரின் பணி.

முடிவுரை

கடிதப் பகுதியில் தொடங்கிய இரசிகர் விவாதம், சான்று திரட்டல், ஆண்டுக் கணக்கு, முரண் காணல், மூலத்தோடு ஒப்பிடல் ஆகிய திறன்களை முறைசாராக் கல்வியாக வளர்த்து வந்துள்ளது. இவை வரலாற்று மாணவருக்கும் இன்றியமையாத திறன்கள். எனினும் பரிசில்லாப் பரிசின் மரபு, விளக்கம் கிடைத்ததும் நின்றுவிடப் பழக்கியது. கதைக்குள் முரண் தீர்ந்தால் போதும் என்ற மனநிறைவு, உண்மை நிகழ்வைக் கதையின் ஒரு கண்ணியாகச் சுருக்கிவிடக்கூடும்.

இங்குதான் ஆசிரியரின் பணி தொடங்குகிறது. கமலாவின் காலச் சுழலைப் பற்றி ஆர்வத்துடன் வாதிடும் மாணவரை நாம் தடுக்க வேண்டியதில்லை. அவர் வாதிட்டு முடித்தபின், அந்த நிலையத்தில் அன்று அத்துணை மக்கள் ஏன் திரண்டனர், எல்லை எங்கே என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று ஒரு வினாவைச் சேர்த்தால் போதும். கற்பனை உலகின் எண்ணைக் குறித்து விட்டுக்கொடாமல் வாதிடத் தெரிந்தவருக்கு, 1947 ஆகஸ்ட் 17 என்ற நாளின் பொருளைத் தேடிச் செல்லும் ஆற்றல் நிச்சயம் உண்டு.