அஞ்சலி: கடல்மல்லைக் கல்லிலும் ஆசாரியர் வாக்கிலும்

மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் மரக்காணத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றுக்கு வடக்கே திருக்கடல்மல்லை; தெற்கே, ஸ்வாமி தேசிகன் (1268–1369) நெடுங்காலம் எழுந்தருளியிருந்த திருவஹீந்திரபுரம். முன்னதில் கூப்பிய கைகள் கல்லில் வடிக்கப்பெற்றன. பின்னதில் வாழ்ந்த ஆசாரியர் அக்கைகளின் பெருமையை ‘அஞ்சலி வைபவம்’ என்னும் ரஹஸ்ய கிரந்தமாக அருளிச்செய்தார். அஞ்சலி என்பது வெறும் உபசாரமா, சரணாகதியின் வடிவமா என்னும் வினாவுக்கு இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதல் துணை செய்யும்.

கடல்மல்லையின் பெரும்பாறைச் சிற்பம் பல்லவர் காலத்தது. அர்ஜுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் அதனை இருவகையாகக் கூறுவர். அதில் ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திய தபஸ்வி ஒருவர் காணப்படுகிறார். பாறையின் பிளவில் நாகராஜனும் நாகினியும் கைகூப்பியபடி நீரினின்று எழுகின்றனர். கீழே சிறு கோயிலொன்றில் திருமால் நிற்க, முதிய முனிவர் ஒருவர் எதிரே அமர்ந்துள்ளார். வலப்புறத்தில் பூனையொன்றும் கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. பூனை போலி செய்வது உயர்த்திய கைகளையே, கூப்பிய கைகளையன்று என்பது கருதத்தக்கது. வராஹ மண்டபத்திலும் எம்பெருமான் திருவடியின் கீழ் நாகம் அஞ்சலி செய்து நிற்கிறது.

திருவலவெந்தை என வழங்கும் ஆதிவராஹர் குகையில் வேறொரு கையைக் காணலாம். அங்கு மஹேந்திரன் எனப் பெயர் பொறிக்கப்பெற்ற பல்லவ மன்னன் தேவியின் கையைப் பற்றி, மற்றைக் கையால் கர்ப்பக்ருஹத்தைச் சுட்டுகிறான். அவன் முதலாம் மஹேந்திரனா, இரண்டாம் மஹேந்திரனா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவனாயினும், அரசனது உருவமே காண்போரின் கண்ணைத் தன்னிடம் நிறுத்தாமல் எம்பெருமானிடம் செலுத்துமாறு அமைந்துள்ளது.

இச்சிற்பங்களுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்னத்தை அருளிச்செய்தார். அதன் 28-ஆம் ச்லோகம் அஞ்சலியைப் பற்றியது. எக்காலத்திலேனும், எவரேனும், எவ்வாறேனும் ஒருமுறை செய்த அஞ்சலியும் அசுபங்களைப் போக்கி நன்மையை வளர்க்கும் என்பது அதன் திரண்ட பொருள். காலம், அதிகாரி, முறை என்னும் மூவகை நியமங்களும் அங்கு தளர்த்தப்படுகின்றன. இந்த ச்லோகத்தின் விரிவே அஞ்சலி வைபவம். அகாரப்பொருளான பகவானை நீராய் உருகச் செய்வதால் அஞ்சலி எனப் பெயர் வந்தது என்னும் நிர்வசனமும் ஸம்ப்ரதாயத்தில் வழங்குகிறது.

ஆகவே சிற்பி சாஸ்த்ரத்தைப் பார்த்துச் செதுக்கினான் என்பது காலமுறைக்கு ஒவ்வாது. மக்களிடையே முன்பே நிலைபெற்றிருந்த செயலைச் சிற்பி கண்டு வடித்தான். ஆசாரியர்கள் அதன் உட்பொருளை வெளியிட்டனர். உயர்த்திய கை ஸ்வயத்னத்தைக் காட்டும். கூப்பிய கையோ வேறொன்றைப் பற்றவும் இயலாது, தொழில் செய்யவும் இயலாது. ஆகிஞ்சன்யத்தின் வடிவமே அது.

திருமங்கையாழ்வார் இரு பதிகங்களால் மங்களாசாஸனம் செய்த தலசயனத்தின் வரலாறும் இதனையே உணர்த்தும். தாமரை மலரைத் திருவடியில் சேர்க்க விழைந்த புண்டரீக முனிவர் கடலைக் கையால் இறைக்கத் தொடங்கினார். கடல் வற்றவில்லை, எம்பெருமான் தானே வந்து மலரை ஏற்றுத் தரையில் சயனித்தான். உத்ஸவரான உலகுய்யநின்றான் திருக்கையில் இன்றும் தாமரை மொட்டு விளங்குகிறது.

மரக்காணத்து அளத்தில் உழைப்பவன் நீரைப் பாத்தியில் பாய்ச்சுகிறான்; உப்பை விளைவிப்பது வெயிலும் காற்றுமே. பாத்தி கட்டாதவனுக்கு உப்பு இல்லை. ஆயினும் பாத்தி உப்பை ஆக்குவதில்லை. அஞ்சலிக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு இத்தகையது. கூப்பிய கை வ்யாஜமாத்ரம்; க்ருபையே காரணம்.