சிவகாசி வெயிலும் ஒரு கிட்டாரும்

போன தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி அக்கா மகன் போன் பண்ணான். "மாமா, போனஸ் வாங்கிட்டேன். அகூஸ்டிக் கிட்டார் வாங்கவா, இல்ல ஹாலோ பாடி எலக்ட்ரிக் வாங்கவா?"

பையனுக்கு சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பான். பங்குனிப் பொங்கல் வந்தால் மெல்லிசைக் குழுவோடு மேடை ஏறுவான். ஒரு கிட்டாருக்குத்தான் காசு. தப்பாக வாங்கினால் அடுத்த போனஸ் வரைக்கும் காத்திருக்கணும். நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம் இருக்கு.

1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. 'இளைய நிலா'வின் தொடக்கத்தில் வருமே ஒரு அகூஸ்டிக் கிட்டார், அதைக் கேட்டதிலிருந்து எங்க தெருவில் பாதிப் பேருக்குக் கிட்டார் பைத்தியம். தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்த காசில் அம்மா எனக்கொரு கல்கத்தா கிட்டார் வாங்கித் தந்தாங்க. ரெண்டாவது அக்னி நட்சத்திரத்தில் அதன் மேல்பலகை நெடுக விரிசல் விட்டுவிட்டது. அம்மாகிட்ட சொல்லலை. "படிப்பு இருக்கும்மா" என்று ஒரு பொய் சொல்லி, உறையைப் போட்டுப் பரணில் ஏத்திட்டேன்.

ஏன் விரிசல் விட்டது என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. 1920களின் தொடக்கத்தில் ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த கதை எங்க ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழை குறைந்த காய்ஞ்ச பூமி என்பதால்தான் அந்தத் தொழில் இங்கே வேர் பிடித்தது. பின்னாடியே பட்டாசும் அச்சும். குச்சி காயணும், மருந்து காயணும், மை காயணும். ஆனால் கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் வேணும். அது குறைந்தால் பலகை குறுக்குவாட்டில் சுருங்கும். சுற்றி ஒட்டியிருப்பதால் நகர இடமில்லை, பிளந்துவிடும். எங்க ஊருக்குச் சோறு போட்ட அதே வறட்சிதான் என் கிட்டாரை உடைத்தது.

சரி, ஹாலோ பாடி கதைக்கு வருவோம். 1920களில் அமெரிக்க டான்ஸ் பேண்டுகளில் டிரம்பெட், சாக்ஸபோன் நடுவே கிட்டார் சத்தம் காணாமல் போனது. 1922இல் கிப்சன் கம்பெனி எல்-5 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வயலின் மாதிரி வளைந்த மேல்பலகை, வயலின் மாதிரியே ரெண்டு பக்கமும் துளை. அதுவும் போதலை. 1936இல் அதே மாதிரி பொள்ளல் உடம்பில் காந்தப் பிக்கப்பைப் பொருத்தி ஈ.எஸ்-150 வந்தது. 1939இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், இதை வைத்துத்தான் பின்னால் தாளம் தட்டிக்கொண்டிருந்த கிட்டாரை முன்னால் இழுத்து வந்தார். 1942இல் காசநோயில் போய்விட்டார். வயசு 25தான்!

ஆனால் ஒரு தொல்லை. ஸ்பீக்கர் சத்தம் பொள்ளல் உடம்பைத் திரும்ப ஆட்டும். பிக்கப் அதையும் சேர்த்து அனுப்பும். மைக்செட்காரர் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதேதான். 1949இல் வந்த ஈ.எஸ்-175இல் பிளைவுட் மாதிரி அடுக்கி ஒட்டிய பலகை. அதிர்வு குறைவு, ஊளையும் குறைவு. 1958இல் ஈ.எஸ்-335. நடுவே நெடுக ஒரு கட்டை, ரெண்டு பக்கம் மட்டும் பொள்ளல். ஊளை நன்றாகவே அடங்கியது. இன்னொன்றும் கவனிங்க. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால் அந்தப் பலகை வெயிலுக்கு அவ்வளவு சுலபமாகப் பிளக்காது. பிளைவுட் என்றால் மட்டம் என்று நாமதான் நினைக்கிறோம்.

நம்ம பக்கமும் இந்தக் கேள்வி வந்திருக்கு. அகூஸ்டிக் மாண்டலினில் மீட்டிய ஒலி சட்டென்று செத்துவிடும், கமகத்துக்கு நிற்காது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஐந்து தந்தி எலக்ட்ரிக்கை எடுத்தார். ஜான் மெக்லாக்லின் நேர் எதிர். எலக்ட்ரிக்கில் பேர் வாங்கியவர், 1970களின் நடுவே எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் கூட 'சக்தி' குழுவில் உட்கார்ந்தபோது அகூஸ்டிக் எடுத்தார், குறுக்கே ஏழு அதிர்வுத் தந்திகளோடு. ரெண்டு பேரும் சரி. பக்கத்தில் யார் வாசிக்கிறாங்க, ஒலி எவ்வளவு நேரம் நிக்கணும், அவ்வளவுதான் கணக்கு.

மறுநாள் அவனிடம் சொன்னேன். "சர்ச் மட்டும்னா அகூஸ்டிக் போதும். பொங்கல் மேடையில டிரம்ஸ் பக்கத்துல நிக்கணும்னா நடுக்கட்டை வச்ச ஹாலோ பாடி வாங்கு. சின்ன ஆம்ப்ளிஃபயருக்கும் காசு ஒதுக்கிக்கோ, அது இல்லாம சர்ச்சுல கடைசி பெஞ்சுக்குக் கேக்காது. எதுவானாலும் அடுக்குப் பலகையா பாத்து வாங்கு. வீட்டுல பீரோ மேல வைக்காத, ஓட்டுச் சூடு இறங்கும்."

நடுக்கட்டை வைத்த ஹாலோ பாடியையே வாங்கிட்டான். அம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டியிருக்கான். தடவிப் பார்த்துட்டு அம்மா கேட்டாங்களாம், "இதாவது வெடிக்காம இருக்குமாய்யா?"

நான் சொன்னதே இல்லைங்க.