ஆயரிடம் வினவிய குருவானவர்

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 1995 முதல் 1998 வரை ஒளிபரப்பிய 'ஃபாதர் டெட்' நகைச்சுவைத் தொடரைத் திருச்சபைக்கு எதிரான அங்கதம் என்றே பலரும் வகைப்படுத்துகின்றனர். ஐரிஷ் கத்தோலிக்கக் குழந்தைப் பருவத்தின் ஆவணமாகவே நான் அதை வாசிக்கிறேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு (1962–65) முன்பு அயர்லாந்துப் பள்ளிகளில் மறைக்கல்வி என்பது வினாவிடை நூலை மனனம் செய்வதே. விடை மட்டுமன்று, வினாவும் அச்சிலேயே இருந்தது. பிள்ளையின் சொந்த ஐயத்திற்கு அங்கு இடமில்லை. உறுதிபூசுதலுக்கு வரும் ஆயர், கோவிலில் எல்லோர் முன்னிலையிலும் பிள்ளைகளிடம் வினவுவார். அந்த அச்சம் எளிதில் மறப்பதன்று.

1996இல் வெளியான ஓர் அத்தியாயம் இக்காட்சியைத் தலைகீழாக்குகிறது. கிராகி தீவிலுள்ள புனிதக் கல்லொன்றை இரண்டாம் நிலைத் திருப்பண்டமாக உயர்த்த மூன்று ஆயர்கள் வருகின்றனர். (திருப்பண்டங்களைத் தரம்பிரிப்பது புனைவன்று, திருச்சபையின் வழக்கமே.) அவர்களுள் ஒருவரிடம் இளங்குரு டூகல் வெள்ளந்தியாக வினவுகிறார்: வெள்ளிக்கிழமை இறைச்சி உண்பது முன்பு பாவம், இப்போது இல்லையெனில், அன்று உண்டவர்கள் நரகத்திலா இருக்கிறார்கள்? டூகலிடம் பகையில்லை, கேலியுமில்லை. ஆனால், இத்தகைய கேள்விகள் முடிவதற்குள் ஆயர் தம் நம்பிக்கையையே இழந்துவிடுகிறார்.

கால்வே ஆயர் ஏமன் கேசி, தமக்கொரு மகன் இருப்பது வெளிப்பட்டதால் 1992இலேயே பதவி விலகியிருந்தார். ஆயர்களையும் வினவலாம் என்பதை ஐரிஷ் மக்கள் அதற்குள் அறிந்திருந்தனர். எனினும் கிரஹாம் லினஹனும் ஆர்தர் மேத்யூஸும் செய்தித்தாளின் கேள்வியை டூகலுக்குக் கொடுக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் எவரும் கேட்கத் துணியாத கேள்வியையே கொடுத்தனர்.