மேல்வாளும் கீழ்வாளும்

1542இல் சவேரியார் வந்த முத்துக்குளித்துறையின் ஊர்களில் கீழவைப்பாரும் ஒன்று. இந்தக் கரையில் வள்ளமோ தோணியோ கட்டக் கூரை போட்ட பட்டறை அவசியமில்லை, மணல்மேடே பட்டறை. மரத்தடி கரைக்கு வரும், வாளும் அங்கேயே வரும்.

மின்சாரத்துக்கு முன் பலகை அறுக்க இருவர் வேண்டும். தடியை உயர்த்திக் கிடத்தி, ஒருவர் மேலேறிக் கோடு பார்ப்பார். கீழே நிற்பவர் இழுப்பார். மரத்தூள் முழுக்கக் கீழே நிற்பவர் கண்ணில்தான். கூலி சமமென்றாலும் நியாயமில்லை!

வட்ட வாளுக்கு இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் 1777இலேயே காப்புரிமை பெற்றார். இங்கே மோட்டார் வாள் வெகு பிந்தியே வந்தது. நேர்ப்பலகையை அது நொடியில் கிழித்துவிடும். வள்ளத்தின் வளைந்த விலாவுக்கோ வாச்சியும் உளியும்தான்.

இன்று கரையில் ஃபைபர் படகுகளே அதிகம். அவற்றை வாள் கட்டுவதில்லை, அச்சு வார்க்கிறது.