அண்ணனின் காரும் பிளாந்தேயின் பேட்டரியும்

என் அண்ணன் 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு ராணுவத்தில் சேர்ந்தவர். நம்ம ஊர் வழக்கில் 'சொல்தா'. ஓய்வு பெற்றபின் பிரான்சின் கிழக்கே அல்சாஸ் பகுதியில் குடியிருந்தார். குளிருக்குப் பயந்து ஆண்டுதோறும் நவம்பரில் புதுச்சேரி வந்து மார்ச்சில் திரும்புவார். அந்த நான்கு மாதமும் அவருடைய கார் அங்கே கொட்டகையில் கிடக்கும்.

திரும்பிய மறுநாள் தொலைபேசி வரும். "தம்பி, இந்த வருஷமும் பேட்டரி செத்துப்போச்சு. பாழாப்போன குளிர்!" ஒருமுறை பேட்டரிப் பெட்டியே வெடித்து அமிலம் கசிந்திருந்ததாம்.

குளிர்தான் காரணம் என்று நானும் நம்பினேன். பிறகுதான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த சுருள் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அது 'அக்குமுலாத்தர்'.

அதைச் செய்தவர் கஸ்தோன் பிளாந்தே. 1859-இல் இரண்டு காரீயத் தகடுகளை, நடுவே ரப்பர் பட்டைகள் வைத்துச் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். மின்சாரத்தைச் சேமித்துத் திரும்பத் தந்த முதல் கலம் அது. 1881-இல் கமீய் ஃபோர் தகடுகளின்மேல் காரீய ஆக்சைடு பசையைப் பூசி அதன் கொள்ளளவைக் கூட்டினார். இரண்டு பேரும் பிரெஞ்சுக்காரர்கள். 1899-இல் இத்தகைய பேட்டரிகளால் ஓடிய ஒரு கார்தான், பாரிசுக்கு அருகே, முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது.

ஆனாலும் பெட்ரோல் கார்களைக் கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்பினார்கள். பழைய ஜீப்பை அப்படிக் கிளப்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1912-இல் அமெரிக்காவில் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டருடன் வந்தபின் பேட்டரி செத்தால் காரும் நின்றது. பனி கொட்டும் ஊர்களில் அக்காலத்தில் பலர் குளிர்காலம் முழுக்கக் காரை நிறுத்திவைப்பார்கள். பேட்டரியைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு வசந்தம்வரை சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள்.

காரணம் எளிது. சார்ஜ் இறங்க இறங்க அமிலத்திலுள்ள கந்தகம் தகடுகளில் ஏறி, காரீய சல்பேட்டாகப் படிகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர். முழு சார்ஜில் உள்ள அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியான பேட்டரியோ மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே பனிக்கட்டியாகி, பெட்டியைப் பிளந்துவிடும். உறையாவிட்டாலும், நாள்பட்ட சல்பேட் இறுகிப்போனால் மீண்டும் சார்ஜ் ஏறாது. ஆக, கொன்றது குளிர் மட்டுமல்ல; காலியாகக் கிடந்ததுதான்.

காலியாக்கியது யார்? காரேதான். கடிகாரம், பூட்டு, எச்சரிக்கை மணி எல்லாம் தூங்கும்போதும் சிறிது மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரி 25 நாளில் பாதியாகிவிடும்.

இதையெல்லாம் அண்ணனுக்குக் கடிதமாக எழுதினேன். கிளம்புமுன் முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ் முனை, மாட்டும்போது கடைசியில் மைனஸ். இல்லாவிட்டால் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். முனைகளைத் துடைத்து, ஈரமில்லாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை யாராவது அளந்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றட்டும். ஐந்து நிமிடம் என்ஜினை ஓட்டி அணைத்தால் பலனில்லை. கிளப்பச் செலவானதே திரும்பாது.

"குமாஸ்தா உத்தரவா?" என்று சிரித்தார். ஆனால் செய்தார். அடுத்த மார்ச்சில் முதல் தடவையிலேயே கார் கிளம்பியதாம்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு குளிர்காலத்தில் இங்கே வந்தவர் திரும்பவில்லை. வீட்டைக் காலி செய்யப் போன மகன் கொட்டகைச் சுவரில் ஒரு தாளைப் பார்த்திருக்கிறான். என் கடிதத்தை அண்ணன் பிரெஞ்சில் வரிசை எண் போட்டு எழுதி ஒட்டியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அதன்படியே மாதாமாதம் அளந்து, தேதியோடு குறித்து வைத்திருந்தார்.

"கார் உடனே ஸ்டார்ட் ஆச்சு, சித்தப்பா" என்றான். எனக்குப் பேச வரவில்லை.